கணினி மேசை: நாளுக்கொரு பெயர் சொல்லும் நீலத்திரை

கேள்வி: அண்ணை, உயர்தரம் எழுதிப்போட்டு வீட்டில் இருந்த நேரம், சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த காசில் நானே சாமான் வாங்கி ஒரு டெஸ்க்டொப் பூட்டினேன். ரைசன் 5 5600, பி450 மதர்போர்ட், 500 ஜீ.பி. எஸ்.எஸ்.டி., கைமாறி வந்த ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்ட். முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. இப்போது கிழமைக்கு நாலைந்து தரம் நீலத்திரை வந்து தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. கேம் விளையாடும்போதும் வரும், சும்மா வேர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் வரும். ஒருநாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்கிறது, இன்னொரு நாள் ‘ஐ.ஆர்.கியூ.எல். நொட் லெஸ் ஓர் ஈக்குவல்’, போன கிழமை ‘பேஜ் ஃபோல்ட்’ என்று தொடங்கி நீளமாக ஏதோ. கடையில் கொடுத்தேன். வைரஸ் என்று சொல்லி, 2,500 ரூபா வாங்கிக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். இரண்டாம் நாளே பழைய கதை. நானும் இரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது கிராஃபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார்கள், கையில் காசில்லை. “பூட்டினதை வாங்கியிருக்கலாம்” என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொல்கிறா. (எழுத மறந்துபோனேன்: 8 ஜீ.பி. ராமோடு தொடங்கி, மார்கழியில் வேறொரு கடையில் இன்னொரு 8 வாங்கிப் போட்டேன்.)
— ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, அந்தக் கடைசி வரியை ஏன் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தீர்கள்? மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய மெஷின். மார்கழியில் புதிதாக ஒரு சாமான் உள்ளே போனது. அதற்குப் பிறகு கரைச்சல். இந்த ஒழுங்கில் எழுதியிருந்தால் முத்திரைக் காசும் மிச்சம்.

கிராஃபிக்ஸ் கார்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நாலாவது தரம் விண்டோஸ் போடவும் வேண்டாம். அதற்கு ஒரு நேரம் வரும், சொல்கிறேன்.

கடைக்காரரை நான் ஏசமாட்டேன், ஏனென்றால் நானும் அதையே செய்தவன். 2006ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் எனக்கு ஆறடி அகலத்தில் ஒரு கடை. கணக்கு வேலை செய்யும் ஒருவர் தன்னுடைய எக்ஸ்.பி. மெஷினைக் கொண்டுவந்தார். நீலத்திரை. ஃபோர்மட் பண்ணிக் கொடுத்தேன், திரும்பி வந்தது. இன்னொரு தரம், திரும்பவும் வந்தது. மூன்றாம் தரம் காசு வாங்க வெட்கமாகிவிட்டது. என்னுடைய மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் கிளாஸ் முடிந்ததும் கடையில் வந்து குந்துவாள். ஆங்கிலம் பழகட்டும் என்று, அந்த நீலத்திரையில் பெரிய எழுத்தில் வரும் வரியைத் தன்னுடைய சீ.ஆர். கொப்பியில் பார்த்து எழுதச் சொல்லியிருந்தேன். நாலாம் நாள் கொப்பியை நீட்டி, “அப்பா, இது ஒவ்வொரு நாளும் வேற வேற சொல்லுது” என்றாள். நாலு வரி, நாலும் நாலு விதம். அன்றைக்குத்தான் கேசிங்கைத் திறந்து ஒரு ராம் துண்டைக் கழற்றி வைத்தேன். மெஷின் பிறகு வாய் திறக்கவில்லை.

உங்கள் கடிதத்திலும் இருப்பது அதே கொப்பிதான். ஒரு டிரைவர் (ஒரு சாமானை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) பழுதென்றால் நீலத்திரை பெரும்பாலும் ஒரே குற்றத்தைச் சொல்லும், ஒரே ஃபைலின் பெயரைச் சொல்லும். ‘என்வி’ என்று தொடங்கும் ஒரு பெயர் (என்விடியா கார்டின் டிரைவர்) மூன்று தரம் அடுத்தடுத்து வந்திருந்தால் நானும் கிராஃபிக்ஸ் பக்கம்தான் பார்த்திருப்பேன். ராம் பழுது அப்படியில்லை. கலியாண மண்டபத்தில் கால் ஆடுகிற ஒரு கதிரை கிடக்கிறது என்று வையுங்கள். இன்றைக்கு அதில் மாமா குந்தி விழுவார், நாளைக்குப் போட்டோ எடுக்க வந்தவர் விழுவார். விழுந்தவரின் பெயரைத்தான் திரை சொல்கிறது. கதிரையைப் பற்றி அதற்குத் தெரியாது. அந்தப் பழுதான இடத்தில் விண்டோஸ் எந்த நேரம் எதைக் கொண்டுபோய் வைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒருநாள் வேர்ட், ஒருநாள் கேம்.

இன்னொன்று. நீலத்திரைப் பதிவுகளை வாசிக்கும் இலவச மென்பொருள்களில் பார்த்தால் ‘என்டிஓஎஸ்கேர்னல்’ என்ற பெயர் அடிக்கடி சிவப்பில் நிற்கும். அது விண்டோஸின் கருவே. அதைக் குற்றவாளி என்பது, பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனவரையே கூண்டுக்குள் போடுவது மாதிரி.

சரி, இனி ராமுக்கு வருவோம். கரண்டை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒருதரம் அமத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் போகட்டும். கேசிங்கின் வெறும் உலோகத்தில் கையை வைத்துவிட்டு இரண்டு ராமையும் கழற்றி ஸ்டிக்கர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இரண்டிலும் வேகம் 3200 என்று இருக்கும், அதை நம்பித்தான் வாங்கியிருப்பீர்கள். அதற்குக் கீழே உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள். என் ஊகம்: ஒன்றில் சி.எல். 16, 1.35 வோல்ட் என்று இருக்கும், மற்றதில் சி.எல். 22, 1.2 வோல்ட்.

சி.எல். என்பது, கேட்டதை எடுத்துத் தர ராம் எத்தனை துடிப்பு எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கு. 3200 ராமுக்கு ஒரு செக்கனில் 160 கோடி துடிப்பு. 16 துடிப்பு என்றால் 10 நானோசெக்கன்; 22 துடிப்பு என்றால் 13.75. முதலாவது துண்டு, கூடின வோல்டேஜில் ஓடிக் கெதியாகத் தரப் பழக்கப்பட்டது. இரண்டாவது, பொதுத் தராதரத்தின்படி ஆறுதலாகத் தருவது. இரண்டும் நல்ல சாமான்தான். ஆனால் நீங்கள் தொடக்கத்தில் பயொஸுக்குள் (விண்டோஸ் எழும்ப முன் வரும் மதர்போர்டின் செட்டிங்குகள்) போய், ராமை அதன் ஸ்டிக்கரில் உள்ள வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்.எம்.பி.யை ஒன் பண்ணியிருப்பீர்கள் (சில போர்ட்களில் அதன் பெயர் டி.ஓ.சி.பி.). யூடியூப் பார்த்து மெஷின் பூட்டுகிற எல்லாரும் செய்கிற முதல் வேலை அது. இப்போது போர்ட், முதலாவது துண்டின் கணக்கையே இரண்டுக்கும் போட்டுவிடுகிறது. 13.75 கேட்கிற பிள்ளையிடம் 10இல் கொண்டுவா என்றால், நூறு தரம் கொண்டுவரும், நூற்றோராவது தரம் பிழையாகக் கொண்டுவரும்.

ஆகவே முதல் வேலைக்குக் காசே தேவையில்லை. இரண்டு துண்டையும் திருப்பிப் பூட்டுங்கள். புரொசசரில் இருந்து எண்ணும்போது இரண்டாவது, நாலாவது துளைகளில். பெரும்பாலான போர்ட்களில் ஏ2, பி2 என்று அச்சடித்திருக்கும். இரண்டு பக்கக் கொழுக்கியும் ‘டக்’ என்று விழ வேண்டும். பிறகு பயொஸில் எக்ஸ்.எம்.பி.யை ஓஃப் பண்ணுங்கள். ராம் 2400 அல்லது 2666க்கு இறங்கும். வேர்டில் எழுதும்போது அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்படியே ஒரு கிழமை பாவியுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம். ஒரே நாளில் ராமையும் மாற்றி, டிரைவரையும் மாற்றி, எஸ்.எஸ்.டி.யையும் மாற்றிப்போட்டு, “சரியாயிட்டு, ஆனா எதால எண்டு தெரியாது” என்று சொல்பவர்களை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

நீலத்திரை அதற்குப் பிறகும் வந்தால், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள். இலவசப் பதிப்பு போதும். ஒரு பென் ட்ரைவில் ஏற்றி, அதில் இருந்து மெஷினை எழுப்பி, இரவு படுக்கப் போகும்போது ஓட விடுங்கள்; நாலு சுற்று ஓடி நிற்கும், 16 ஜீ.பி.க்குப் பல மணித்தியாலம் எடுக்கும். விடிய எழும்பிப் பார்த்தால் பிழைகளின் எண்ணிக்கை பூச்சியமாக இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் பழுதுதான். “ஒன்றுதானே” என்ற கதை இதில் இல்லை. பிழை இருந்தால் ஒரு துண்டைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் ஏ2வில் வைத்து ஒரு இரவு, மாற்றி வைத்து இன்னொரு இரவு. எது குற்றவாளி என்று அப்போது தெரியும். பிழையைக் காட்டும் சிவப்பு வரிகளைப் போனில் படம் எடுத்து, பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ராமில் ஒட்டியிருக்கும் கடையின் சின்ன ஸ்டிக்கரை உரித்துவிடாதீர்கள், வொரன்டி அதில்தான் தொங்குகிறது. எக்ஸ்.எம்.பி. ஓஃப் பண்ணியதும் சரியாகிவிட்டால் துண்டுகளில் குறையில்லை, சோடிதான் பொருந்தவில்லை. அப்படியே குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். 3200 கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டையும் விற்றுவிட்டு, ஒரே பெட்டியில் சோடியாக வருவதை வாங்குங்கள்.

ராமின் பொன் பல்லை அழிறப்பரால் தேய்க்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். நானும் பல வருஷம் தேய்த்தவன். அந்தப் பொன்பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும். துளைக்குள் விழும் அழிறப்பர்த் துகள் வேறு கரைச்சல். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சி போதும். மரீன் டிரைவ் பக்கத்து வீடுகளில் இருந்து வந்த மெஷின்களில், திருகாணிகூடத் துருப்பிடித்து, செம்பு வெளியே தெரிகிற இடமெல்லாம் பச்சை பூத்திருக்கக் கண்டிருக்கிறேன். ஜன்னலடியில் கணினி வைத்திருப்பவர்கள் உப்புக்காற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விண்டோஸ். பழுதான ராமோடு மூன்று தரம் போட்டீர்கள் அல்லவா? போடும்போது ஒவ்வொரு ஃபைலும் அந்த ராமுக்குள்ளால்தான் எஸ்.எஸ்.டி.க்குப் போனது. அதனால் ராம் சரியென்று உறுதியான பிறகு, கடைசியாக ஒரு தரம் புதிதாகப் போடுவது நியாயம். போடுகிற அன்று பின்னேரம் இடி முழங்கினால் அடுத்த நாளைக்குத் தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொழும்பில் கரண்ட் போவது எந்த நேரம் என்று உங்களுக்கே தெரியும். இந்த இடைக்காலத்தில் எடுத்த முக்கியமான படங்கள், பாடக் குறிப்புகள் திறபடுகின்றனவா என்றும் பாருங்கள். எக்ஸ்டேர்னல் டிஸ்கில் உள்ள பழைய பிரதியை இப்போதைக்கு அழிக்க வேண்டாம்.

அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள்: பூட்டினதாக வாங்கியிருந்தாலும் மார்கழியில் மகன் இன்னொரு 8 ஜீ.பி. வாங்கிப் போட்டிருப்பான்.

கேள்வி: எனக்கு நீலத்திரை வருவதில்லை, கறுப்புத்திரைதான் வருகிறது. எழுத்தும் இருக்கிறது. இது வேறு வியாதியா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: அதே வியாதி, சேலைதான் வேறு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு 2025இல் வந்த மாற்றத்தோடு மைக்ரோசொஃப்ட் நிறத்தைக் கறுப்பாக்கிவிட்டது. 2012இல் விண்டோஸ் 8ஓடு வந்த அந்த அழுமூஞ்சியும் போய்விட்டது, கியூ.ஆர். கட்டமும் போய்விட்டது. எனக்குக் கவலையில்லை, அந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணிப் போனால் பொதுவான புத்திமதிதான் கிடைக்கும். கீழே வரும் ஸ்டொப் கோடையும் (‘மெமரி மேனேஜ்மென்ட்’ மாதிரியான பிழைப் பெயர்) ஃபைல் பெயரையும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்ப்போம்.

கேள்வி: திரை எந்த நிறத்திலும் வருவதில்லை ஐயா, பட்டென்று நிற்கிறது. விண்டோஸ் நடந்ததைப் பதிந்து வைக்கும் ‘ஈவென்ட் வியூவரில்’ பார்த்தால் ‘கேர்னல் பவர் 41’ என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு கதை. வயது 67, பொறுமை குறைவு.
— வாசகர், தெஹிவளை

பதில்: ஐயா, 41 என்பது காரணம் இல்லை. “நான் ஒழுங்காக மூடப்படவில்லை” என்று விண்டோஸ் அடுத்த தரம் எழும்பி எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். அதைத் திறந்து ‘பக்செக் கோட்’ என்ற இடத்தைப் பாருங்கள். பூச்சியம் என்றால் நீலத்திரை பதிவாகவில்லை; அப்படியானால் முதலில் மின்சாரப் பக்கம் தேடுங்கள்.

ஒன்று கேட்கிறேன்: நிற்கும் நேரம் வீட்டில் தண்ணி மோட்டர் போடுகிறார்களா? மோட்டர் எழும்பும் கணத்தில் வோல்டேஜ் ஒரு குழி விழும். நல்ல பவர் சப்ளை 16 மில்லிசெக்கன் அளவு மூச்சுப் பிடித்து நிற்கும். நம்முடைய 50 ஹேர்ட்ஸ் கரண்டில் அது ஒரு சுற்றுக்கும் குறைவு. மலிவுச் சாமான் அதுவும் நிற்காது. யூ.பி.எஸ். இருந்தாலும் பற்றரி மூன்று வருஷத்தைத் தாண்டியிருந்தால் அதை நம்ப வேண்டாம். உருண்டைப் பிளக்கை மாற்றுக்கட்டையில் செருகி, அதை ஒரு நீட்டு வயரில் செருகி, அது ஆடிக்கொண்டிருந்தால் முதலில் அந்த ஆட்டத்தை நிறுத்துங்கள். மோட்டரைப் போடச் சொல்லிவிட்டுக் கணினிக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள். மேசை விளக்கு ஒருதரம் மங்கினால், எலெக்ட்ரீஷியனிடம் மோட்டருக்குத் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள்.