முதலில் குரல்

அன்புள்ள ஐயா,

2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை மகளோடு திரையரங்கில் தமிழ்க் குரலில் பார்த்தேன். ஜப்பானிய மொழியில்தான் பார்த்திருக்க வேண்டும் என்று அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வரைந்த பொம்மைக்கு யார் பேசினால் என்ன? திரையில் முகம் காட்ட வாய்ப்புக் கிடைக்காதவர்கள் செய்கிற வேலைதானே அது? ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் ஏன் இத்தனை மிகை நடிப்பு என்பதையும் சொல்லுங்கள்.

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்,

எந்த மொழியில் பார்ப்பது என்பது உங்கள் வீட்டு வழக்கு. தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தமிழில் பார்த்ததில் குற்றம் ஒன்றுமில்லை. தொடர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். ஆனால் ‘முகம் காட்ட வாய்ப்புக் கிடைக்காதவர்கள்’ என்று எழுதினீர்களே, அதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஒருவருடைய உழைப்பு என்னவென்று விசாரிக்காமலே இப்படி எழுத உங்களுக்குக் கூசவில்லையா?

1986இல் ‘டிராகன் பால்’ அனிமேஷன் தொடரில் சிறுவன் கோகுவுக்கு நடிகை மசாகோ நொசாவா குரல் கொடுக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 49. கோகு வளர்ந்து தகப்பனானான். பிள்ளைகள் கோஹானுக்கும் கோதெனுக்கும் அவரே பேசினார். மூவரும் பேசிக்கொள்ளும் காட்சியில் கேட்பது ஒரே பெண்மணியின் தொண்டை. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பவை சில மைக்குகள்தான். நடிகர்கள் தம் முறை வரும்போது முன்னே வந்து பேசிவிட்டு, காலடி கேட்காமல் விலக வேண்டும். வசனத்தாளைப் புரட்டும் சத்தம்கூட எழக்கூடாது. பல நேரம் எதிரே திரையில் ஓடுவது முடிக்கப்படாத கோட்டோவியம். அதைப் பார்த்து அழ வேண்டும்.

படம் முதலில், குரல் பிறகு என்பது ஜப்பானில் வழக்கம். இயக்குநர் இசாவோ தகஹாதா இதைத் தலைகீழாக்கினார். ‘மின்மினிகளின் கல்லறை’யில் (1988) தங்கை செத்சுகோவுக்குப் பேசியவள் ஐந்து வயதுச் சிறுமி. அவள் பேச்சை முதலில் பதிவுசெய்துகொண்டு, அதற்கேற்பப் படம் வரைந்தார்கள். பொம்மைக்கு யார் பேசினால் என்ன என்கிறீர்கள். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அந்தப் பொம்மையே இல்லை, ஆர்.

தகஹாதாவின் ‘இளவரசி காகுயா’ படத்திலும் அப்படித்தான். மூங்கில் வெட்டும் கிழவராகப் பேசியவர் நடிகர் தகேயோ சியி. மூங்கிலில் கண்டெடுத்த குழந்தை தவழத் தொடங்கியிருக்கிறது. ஒரு பக்கம் ஊர்ப் பிள்ளைகள் கைதட்டி, ‘தகேனோகோ’, மூங்கில் குருத்தே, என்று கூப்பிடுகிறார்கள். இன்னொரு பக்கம் கிழவர், ‘ஹிமே, ஒயிதே’, இளவரசியே, வா, என்கிறார். திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார். குரல் ஏறுகிறது, கெஞ்சுகிறது, அழுகையாக உடைகிறது. கடைசியில் பொறுக்க மாட்டாமல் ஓடிப்போய் வாரி அணைத்துக்கொள்கிறார்.

என் அப்பா இறந்த மறு வருடம் இந்தக் காட்சியைப் பார்த்தேன். சிறுவயதில் அவர் என்னைத் தெருமுனையில் நின்று கூப்பிடுவார். கூப்பிடும் முன் ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொள்வார். கனைப்பைக் கேட்டதுமே நான் கோலிகளைப் பொறுக்கத் தொடங்கிவிடுவேன். அவருடைய புகைப்படங்கள் பதினொன்று வீட்டில் இருக்கின்றன. குரல் ஒரு நொடிகூட இல்லை. முகத்தைப் பத்திரப்படுத்தினால் போதும் என்று உங்களைப் போலவே நாங்களும் நினைத்திருந்தோம்.

உங்கள் மகள் இரண்டு நாள் பேசவில்லை என்றீர்களே, அப்போதும் அவள் முகம் உங்கள் கண் முன்னால்தான் இருந்தது. எது இல்லாமல் வீடு வெறிச்சோடிப் போனது?

சியி 2012 ஜூனில் காலமானார். படம் 2013 நவம்பரில்தான் வெளிவந்தது. மனிதர் போன பிறகும் அவருடைய பேச்சுக்கு ஓவியர்கள் வாய் வரைந்துகொண்டிருந்தார்கள். விடுபட்ட சில வரிகளை மட்டும் யூஜி மியாகே என்ற இன்னொரு நடிகர் பேசிக் கொடுத்தார். அந்த வரிகள் எவை என்று நான் தேடிப் பார்த்ததில்லை. தேடவும் மாட்டேன்.