அந்த பாட்டிலுக்கு வயது போதும்

அன்புள்ள ஐயா,

அண்ணன் பரிசாகக் கொடுத்த இரண்டு ஒயின் பாட்டில்கள் மூன்று வருடமாக என்னிடம் இருக்கின்றன. ஒன்று சிவப்பு, கார்க் அடைத்தது. மற்றது வெள்ளை, நிறமில்லாத கண்ணாடி, திருகுமூடி. கூடத்தில் விளக்கு வைத்த ஷோகேஸில் நிற்கின்றன. படுக்கவைக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா? ஒயினுக்கென்றே ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கவேண்டுமா? பத்து வருடம் கழித்து நல்ல நாளில் திறக்க ஆசை. திறந்து மிஞ்சினால் என்ன செய்வது?

கே.

அன்புள்ள கே.,

படுப்பதும் நிற்பதும் இருக்கட்டும், முதலில் அந்த விளக்கை அணையுங்கள். ஒயினில் இருக்கும் ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) வெளிச்சம் பட்டால் வினைபுரிந்து கந்தகச் சேர்மங்கள் உண்டாகும். வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை அடிக்கும். நிறமில்லாத பாட்டிலில் இதற்குச் சில நாட்களே போதும், நீங்கள் மூன்று வருடம் வைத்திருக்கிறீர்கள்!

படுக்கவைப்பது கார்க் காய்ந்து சுருங்காமலிருக்க. திருகுமூடிக்கு அது தேவையில்லை. தனி ஃப்ரிட்ஜும் வேண்டாம், இரண்டு பாட்டிலுக்கு எதற்கு?

எனக்கு எரிச்சல் வருவது அந்தப் பத்து வருடக் கணக்கில்தான். பழசானால் ஒயின் உயர்ந்துவிடும் என்று யார் சொன்னது? கடையில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடங்களில், மிஞ்சிப்போனால் நாலைந்து வருடங்களில் குடித்துவிடத்தான் செய்யப்படுகிறது. வருடக்கணக்கில் வைத்தால் மெருகேறும் ஒயின்கள் கொஞ்சம்தான், அவற்றிலும் அமிலமும் துவர்ப்பைத் தரும் டானினும் போதுமான அளவு இருக்கவேண்டும், 12, 13 டிகிரியில் ஏறாமல் இறங்காமல் இருட்டில் கிடக்கவேண்டும். பகலில் சூடேறி இரவில் குளிரும் அறையில் உள்ளிருக்கும் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும்.

என் நண்பர் ஒருவர் இப்படித்தான் ஒரு பாட்டிலைக் காத்தார். வருகிறவர்களிடமெல்லாம் துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டுவார், திறக்கமாட்டார். கடைசியில் ஒருநாள் எங்கள் தொல்லை தாங்காமல் திறந்தார். மேலே சுற்றியிருந்த தாள் பிசுபிசுவென்று ஒட்டியது, கார்க் அரை விரல் அளவு வெளியே துருத்திக்கொண்டிருந்தது, திருகியதும் பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. ஊற்றினால் செங்கல் தண்ணீர் மாதிரி ஒரு நிறம், காடி வாசனை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு "அருமை" என்றார். நாங்களும் தலையாட்டினோம், வேறென்ன செய்வது? இத்தனை வருடம் காத்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. நல்ல ஒயின் அது, வந்த வருடமே குடித்திருந்தால்.

உடனே யாராவது 2010-ல் பால்டிக் கடலில், ஆலண்ட் தீவுகள் பக்கம், மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த ஷாம்பெயினைச் சொல்வீர்கள். சரி, 168 பாட்டில்கள், சுமார் 170 வருடப் பழசு. ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம், கும்மிருட்டு, 2 முதல் 4 டிகிரி குளிர். உங்கள் கூடத்தில் அந்த வசதி இருக்கிறதா? அதையும் ருசி பார்த்தவர்களுக்கு முதலில் வந்தது ஈரமுடி வாடை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் கொடுத்ததைப் பத்திரப்படுத்தும் மனசு புரிகிறது. ஆனால் அவர் உங்களுக்குக் குடிக்கத்தானே கொடுத்தார்? வெள்ளையை இந்த வாரமே திறந்து பாருங்கள், நன்றாக இல்லையென்றால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். சிவப்பை வெளிச்சமும் வெயிலும் படாத கீழ்த்தட்டில் படுக்கவையுங்கள், சமையலறை மட்டும் வேண்டாம். அண்ணன் அடுத்தமுறை வரும்போது திறந்துவிடுங்கள், அவர் வரும் நாளைவிட நல்ல நாள் எது?

மிஞ்சினால் உடனே மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், சிவப்பாக இருந்தாலும்தான். மூன்று நாள், நன்றாக இருந்தால் ஐந்து நாள். அப்புறம் சமையலுக்கு.