திருவொற்றியூர்ல இருந்து ஏர்போர்ட் போக மெட்ரோ சரிப்படுமா, இல்ல கேப் புக் பண்ணணுமா?

பெட்டி படுக்கையோட வீட்ல பெரியவங்களையும் கூட்டிட்டுப் போறீங்கன்னு நெனச்சுதான் சொல்றேன், பகல் ஃபிளைட்டுன்னா யோசிக்காம மெட்ரோ ஏறுங்க. விம்கோ நகர்ல இருந்து வர்ற ப்ளூ லைன் வண்டி நேரா ஏர்போர்ட் போகுது, எங்கயும் மாற வேணாம், ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும், டிக்கெட் அதிகபட்சமே 50 ரூபாதான். முன்னாடியெல்லாம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல பீச் வரைக்கும் போய், தாம்பரம் வண்டி மாறி, திரிசூலத்துல எறங்கி, சப்வேல பெட்டிய தூக்கிட்டு போவோம். அம்மாவுக்கு முட்டிவலி வந்தப்புறம் அதுவும் முடியல.

நடுராத்திரி ஃபிளைட்டுன்னா மெட்ரோ உதவாது, காலைல 5 மணிக்குதான் முதல் வண்டி. வளைகுடா ஃபிளைட் நெறைய அந்த நேரத்துலதான் கெளம்புது, மூணு மணி நேரம் முன்னாடியே அங்க இருக்கணும் வேற. என் தம்பி தோஹால வேலை பாக்குறான். லீவு முடிஞ்சு அவன் கெளம்புன ராத்திரி கேப் புக் பண்ணா, டிரைவர் போன் போட்டு எங்க பிக்கப்னு கேக்குறாரு, தேரடி பக்கம்னு சொன்னதும் கேன்சல், அடுத்தவரும் அதே, அதுக்கடுத்தவரும் அதே. அம்மா வாசல்ல தவிச்சுப் போய் நிக்கிறாங்க. கடைசில எங்க தெரு ஆட்டோக்கார அண்ணன் தூக்கத்துல இருந்து எழுந்து வந்து கூட்டிட்டுப் போனாரு. அவரும் மீட்டருக்கு மேல ஒரு ரூபா கேக்கல. டிரைவருங்க மேல பழி போடுறேன்னு சண்டைக்கு வராதீங்க, திரும்பி வர சவாரி கெடைக்காதுன்னு அவங்களுக்கும் கஷ்டம் இருக்கு, ஆனா ஏரியா பேர கேட்டதும் கட் பண்றது வலிக்குதுங்க.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஹார்பருக்கு போற கன்டெய்னர் லாரி வரிசை வேற, ராத்திரி ரெண்டு மணிக்கும் நகராது. பகல்ல ஸ்கூல் புள்ளைங்க சைக்கிள்ல அந்த லாரிங்களுக்கு நடுவுலதான் போகுதுங்க, எத்தனை வருஷமா கத்துறோம், யாரு கேக்குறா.

மெட்ரோ 2016லயே ஏர்போர்ட் போயிடுச்சு, எங்களுக்கு 2021 பிப்ரவரிலதான் வந்துச்சு. முதல் கட்ட பிளான் வண்ணாரப்பேட்டையோட நின்னுச்சு. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856ல கெளம்புனது எங்க ராயபுரத்துல இருந்து, எங்களுக்கு போயி நீட்டிப்புன்னு தனியா கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு. வட சென்னைல யாரு ஃபிளைட் ஏறப்போறான்னு கேட்டவங்களும் இருந்தாங்க. தெருவுக்கு நாலு வீட்ல வளைகுடாலயோ கப்பல்லயோ சம்பாதிக்கிற புள்ளைங்க இருக்காங்க, வந்து பாருங்க.

இப்ப பரந்தூர்ல ரெண்டாவது ஏர்போர்ட்டுங்குறாங்க, நெலம் போகுதுன்னு ஏகனாபுரத்து சனங்க 2022ல இருந்து போராடுறாங்க. பூந்தமல்லில இருந்து அதுக்கும் மெட்ரோ நீட்டணும்னு பிளான் இருக்கு. நல்லது, ஆனா இருக்குற லைன்ல ராத்திரி ரெண்டு வண்டி விட்டாலே எங்க பக்கம் எத்தனையோ குடும்பம் நிம்மதியா புள்ளைங்கள வழியனுப்பும்.

உங்க ஃபிளைட் ராத்திரின்னா கேப் ஆப்ப நம்பாதீங்க, தெரிஞ்ச ஆட்டோக்காரர்கிட்ட முந்துன நாளே சொல்லி வெச்சிடுங்க.