சோற்றில் ஆர்சனிக்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அரிசியைப் பற்றியவை. அரிசியில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவு செய்த வேலை. கீழே ஆர்சனிக் என்று நான் சொல்வதெல்லாம் அசேதன ஆர்சனிக்கைத்தான், அதாவது காபன் சேராத, தீங்கு கூடிய வகையை.

அரிக்கன் சட்டியில் மூன்று தரம் கழுவினால் போய்விடுமா? (சம்மாந்துறை)

கல்லும் தூசும் போகும். ஆர்சனிக் குறைய வேண்டுமென்றால் சோற்றை வடிக்க வேண்டும். ஒரு சுண்டு அரிசிக்கு ஆறு முதல் பத்துச் சுண்டு நல்ல தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்தால் பாதியளவு போகும். ரைஸ் குக்கரில் தண்ணீர் முழுவதும் சோற்றுக்குள்ளேயே வற்றிவிடுகிறது, குறைய வழியில்லை. வடிக்கும்போது பி விற்றமின்களும் கொஞ்சம் போகும். பருப்பையும் கீரையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வடித்த கஞ்சியை உப்புப் போட்டு இவர் குடித்துவிடுகிறார். பரவாயில்லையா? (காரைதீவு)

அப்படியென்றால் எதற்கம்மா வடித்தீர்கள்?

எங்கள் கிணற்றில் ஆர்சனிக் 5 இருக்கிறதாம். குடிக்கலாமா? (ஏறாவூர்)

5 என்ன, தம்பி? லீற்றருக்கு 5 மைக்ரோகிராம் என்றால் பயமில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 10. 5 மில்லிகிராம் என்றால் இன்றே நிறுத்துங்கள். அலகு எழுதாமல் என்னிடம் கேட்காதீர்கள் என்று எத்தனை தரம் சொல்வது? கொதிக்கவைத்தாலும் ஆர்சனிக் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

ஒரு கணக்கும் பாருங்கள். எல்லையைத் தொடும் தண்ணீரை நாளுக்கு 2 லீற்றர் குடித்தால் 20 மைக்ரோகிராம் உள்ளே போகும். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் உள்ள அரிசியில் 300 கிராம் சமைத்து, வடிக்காமல் உண்டால் 30. கிணற்றைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் சட்டியையும் பார்க்க வேண்டும்.

பசளை, மருந்து போடாத கைக்குத்துச் சிவப்பரிசி வாங்குகிறோம். "ஆர்சனிக் துளியும் இல்லை" என்று பையில் ஒட்டியிருக்கிறார்கள். விலை இரட்டிப்பு. நம்பலாமா? (கொக்கட்டிச்சோலை)

இந்த ஒட்டுத்தாளைக் கண்டால் எனக்கு இரத்தம் கொதிக்கும். ஆர்சனிக் மண்ணிலேயே இருப்பது. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குக் காற்றுக் கிடைக்காது. அப்போது இரும்பு ஒட்சைட்டில் ஒட்டியிருந்த ஆர்சனிக் கழன்று தண்ணீரில் கரைகிறது. நெல் வேர் சிலிக்காவை உறிஞ்சும் அதே வாசலால் அதையும் இழுத்துக்கொள்கிறது. நீங்கள் மாட்டெரு போட்டீர்களா, யூரியா போட்டீர்களா என்று வேர் விசாரிப்பதில்லை.

கைக்குத்து என்பதாலும் குறையாது, கூடத்தான் செய்யும். அசேதன ஆர்சனிக்கில் பெரும்பங்கு தவிட்டில்தான் சேர்கிறது. சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு தீட்டிய அரிசிக்கு 2014இல் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்றும், உமி மட்டும் நீக்கிய அரிசிக்கு 2016இல் 0.35 என்றும் எல்லை வைத்தது இதனால்தான்.

மருந்துக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அந்தக் காலத்தில் பருத்திக்கு அடித்த ஆர்சனிக் மருந்து இன்றும் மண்ணில் கிடக்கிறது. அங்கே பின்னர் விளைந்த நெல்லில் அது ஏறியது. நமக்குச் சாதகமான விஷயம் வேறொன்று. வங்காளதேசத்தில் குழாய்க் கிணற்றால் இறைத்துப் பாய்ச்சிய நிலத்தடி நீரே ஆர்சனிக்கை வயலுக்குக் கொண்டுவந்தது. இங்கே கிழக்கிலங்கையில் உன்னிச்சைக் குளமும் சேனநாயக்க சமுத்திரமும் தேக்குவது மழையும் ஆறும் தந்த தண்ணீர். அதற்காகத் "துளியும் இல்லை" என்று எழுதலாமா? எந்த நெல்லைப் பற்றியும் அப்படி எழுத முடியாது. விற்பவரிடம் ஆய்வுகூட அறிக்கையைக் கேளுங்கள்: அசேதன ஆர்சனிக் எவ்வளவு, எந்த அலகில், எந்தப் போகத்து நெல்? அறிக்கை இல்லையென்றால் இரட்டை விலையும் இல்லை. சீனி வருத்தக்காரருக்குச் சிவப்பரிசி நல்லது, விடவேண்டாம், வடித்து உண்ணுங்கள்.

ஏழு மாதப் பிள்ளைக்கு நாலு நேரமும் அரிசிமாக் கஞ்சிதான். (ஆலையடிவேம்பு)

ஒரு நேரமாக்குங்கள், மகள். உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளை நம்மைவிட இரண்டு மூன்று மடங்கு ஆர்சனிக் உள்ளே எடுக்கும். குழந்தை உணவுக்கான அரிசிக்கு ஐரோப்பாவில் எல்லை கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான். மற்ற நேரங்களில் குரக்கன், பயறு, மசித்த வத்தாளங்கிழங்கு, வாழைப்பழம் கொடுங்கள். திரிபோஷா சத்துமாவில் பெரும்பங்கு சோளமும் சோயாவும், அதுவும் நல்லது. தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம்.

தெஹியத்தகண்டியில் சிறுநீரகம் பழுதாவது அரிசி ஆர்சனிக்கால்தானே?

"தானே" என்று முடிவு கட்டிவிட்டு ஏன் கேட்கிறீர்கள்? 2011இல் அந்தப் பேச்சு பலமாக எழுந்தது; நிரூபணமாகவில்லை. புளோரைட்டு, கடின நீர், வெயிலில் நீர்ச்சத்து வற்றுவது, விவசாய இரசாயனம் எல்லாமே இன்னும் சந்தேகப் பட்டியலில்தான்.

வயலை இடைக்கிடை காயவிட்டால் குறையுமா? (வெல்லாவெளி)

குறையும், தண்ணீரும் மிச்சம். ஆனால் காய்ந்த மண்ணில் கட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் நெல்லுக்குள் ஏறும். அளவோடு காயவிடுங்கள், கதிர் பூக்கும் நேரம் வேண்டாம்.

சிறுநீர்ப் பரிசோதனையில் ஆர்சனிக் மிக அதிகம். முதல்நாள் இரவு நண்டுக் கறி, இறால் பொரியல். அரிசியை விட்டுவிடவா? (களுவாஞ்சிக்குடி)

அரிசியை விடவேண்டாம். நண்டிலும் இறாலிலும் உள்ளது தீங்கு குறைந்த சேதன வகை; மொத்த அளவு பார்க்கும் சோதனை இரண்டையும் சேர்த்து எண்ணிவிடும். நாலு நாள் கடலுணவு தொடாமல், அசேதன வகையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி மறுபடி கொடுங்கள். புகைப்பவரென்றால் அதையும் எழுதுங்கள். புகையிலையிலும் ஆர்சனிக் உண்டு.