இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்? லினக்ஸ் லேப்டாப் பேட்டரி கேள்வி-பதில்

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குவது பற்றிப் போன முறை எழுதியதும் ஒரே மாதிரிக் கடிதங்கள் குவிந்துவிட்டன. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டோம், எல்லாம் ஓடுகிறது, பேட்டரி சதவீதமும் தெரிகிறது, ஆனால் இன்னும் எத்தனை மணி நேரம் வரும் என்பதை மட்டும் காட்டவில்லை என்கிறார்கள். நலம் விசாரிப்பு, பாராட்டு, வசவு எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கேள்வியை மட்டும் போடுகிறேன். கட்டளைகளின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

கேள்வி: உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறேன். மேல் மூலையில் 64% என்று இருக்கிறது, மணிக்கணக்கு இல்லை. தனியாக எதையாவது இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?
ஆசிரியை, தென்காசி

பதில்: ஒன்றும் வேண்டாம். உபுண்டுவில் இருப்பது க்னோம் திரை. அதன் இப்போதைய பதிப்புகளில் மூலை மெனு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. செட்டிங்ஸைத் திறந்து பவர் பகுதிக்குப் போங்கள், பேட்டரிப் பட்டையை ஒட்டி மீதி நேரம் இருக்கும். சார்ஜரைப் பிடுங்கிய கையோடு பார்க்காதீர்கள். எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போட அதற்கு ஓரிரு நிமிடம் ஆகும். அங்கேயும் நேரம் வரவில்லை என்றால்தான் கோளாறு. அப்படியானால் கோவைக்காரருக்கு எழுதியிருக்கும் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சார்ஜர் செருகியே இருக்கிறது. 100% ஆகிவிட்டது. நேரமே காட்டவில்லை.
வாசகர், மதுரை

பதில்: ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எதற்கு நேரம் காட்டும்? சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: 80% வந்ததும் சார்ஜ் ஏறுவது நின்றுவிடுகிறது. 'நாட் சார்ஜிங்' என்கிறது. முழுதாக ஏற எவ்வளவு நேரம் என்பதும் வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. உங்களுக்கு முன்னால் வைத்திருந்த அலுவலகம் 80-க்கு மேல் ஏறாதபடி வரம்பு வைத்திருக்கும். பேட்டரியின் ஆயுளுக்கு நல்லது, அப்படியே விடுங்கள். வெளியூர் போகிற நாளில் மட்டும் பயாஸிலோ (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) செட்டிங்ஸிலோ வரம்பை எடுத்துவிடலாம்.

கேள்வி: ஏசிபிஐ என்ற கட்டளையை அடித்தால் 'டிஸ்சார்ஜிங் அட் ஜீரோ ரேட், வில் நெவர் ஃபுல்லி டிஸ்சார்ஜ்' என்று வருகிறது. ஒருநாளும் தீராத பேட்டரியாம்! ஆனால் இரண்டு மணி நேரத்தில் அணைந்துவிடுகிறதே?
பொறியாளர், கோவை

பதில்: அந்த வரியை எழுதிய புண்ணியவான் குறும்புக்காரர், ஆனால் கணக்கில் தப்பில்லை. மீதி நேரம் என்பது ஒரு சாதாரண வகுத்தல். பேட்டரியில் மிச்சமிருக்கும் வாட்-அவரை, லேப்டாப் இப்போது இழுக்கும் வாட்டால் வகுக்க வேண்டும். 30 வாட்-அவர் மிச்சமிருந்து 10 வாட் இழுத்தால் 3 மணி நேரம். இந்த இரண்டு எண்களும் பேட்டரிக்குள் இருக்கும் சின்னச் சிப்பிலிருந்து கிளம்பி, லேப்டாப்பின் பயாஸ் வழியாக, லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வருகின்றன. யூபவர் என்ற நிரல் வகுத்துச் சொல்கிறது. மூலையில் இருக்கும் படம் அதை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இழுக்கும் வாட் பூஜ்யம் என்று பேட்டரி சொன்னால் யார் என்ன செய்ய முடியும்?

சார்ஜரைக் கழற்றிவிட்டு, யூபவர் (upower) என்று அடித்து, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, டி (d) என்ற எழுத்து போட்டு என்டர் தட்டுங்கள். பேட்டரி பற்றி நீளமாக வரும். அதில் எனர்ஜி-ரேட் என்ற வரியைப் பாருங்கள். பிரவுசரும் ஒரு கோப்பும் திறந்திருக்கும் சாதாரண லேப்டாப்பில் 5 முதல் 15 வாட்டுக்குள் ஏதாவது இருக்கும். 0 என்றே நின்றால், 'டைம் டு எம்ப்டி' என்ற வரியே வராது. சில லேப்டாப்பில் கெர்னல் தரும் பவர்-நவ் கோப்பைத் திறந்தால் 'நோ சச் டிவைஸ்' என்று பதில் வரும். லேப்டாப் உடைந்துவிட்டது என்று பதறாதீர்கள். எவ்வளவு இழுக்கிறது என்பது தெரியவில்லை என்று பயாஸ் கைவிரித்தால் கெர்னல் இப்படித்தான் சொல்லும். சதவீதம் குறைகிற வேகத்தை வைத்து யூபவர் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லப் பார்க்கும். ஆனால் அந்த நேரம் வருவதற்கே சில நிமிடங்கள் ஆகும், வந்தாலும் குதிக்கும்.

முதலில் ஷட்டவுன் செய்து, சார்ஜரையும் கழற்றக்கூடிய பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் சில மாடல்களில் இதற்காகவே அடிப்பக்கம் குண்டூசி நுழைகிற ஓட்டை இருக்கும். அதற்கும் வழிக்கு வரவில்லையா, பயாஸை அப்டேட் செய்யுங்கள். லெனோவோ, டெல், எச்பி நிறுவனங்களின் அலுவலக மாடல்கள் பலவற்றுக்கு லினக்ஸிலிருந்தே இந்த அப்டேட் கிடைக்கிறது. அப்புறம் புதிய பதிப்பு லினக்ஸ் ஒன்றை பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டிப் பாருங்கள். அதில் நேரம் வந்தால் பழைய கெர்னல்தான் காரணம். கடைசியாக, அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் கம்பெனி பேட்டரியைக் கடன் வாங்கி மாட்டுங்கள். எனர்ஜி-ரேட் உடனே உயிர் பெற்றால் உங்கள் பேட்டரி போலி.

என் மேஜை இழுப்பறையிலும் ஒன்று கிடக்கிறது. 'ஒரிஜினல்' என்று மினுமினுக்கும் ஸ்டிக்கர், 2,200 ரூபாய். எத்தனை தடவை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் சைக்கிள் எண்ணிக்கை 0, எனர்ஜி-ரேட்டும் 0. 38% என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று அணையும். பில்லில் 'ஆக்ஸசரி - 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்த கெட்டிக்காரர் அந்தக் கடைக்காரர்.

கேள்வி: ஃபார்மட் செய்து திரும்ப உபுண்டு போட்டால் நேரம் வந்துவிடும் என்று கடையில் 800 ரூபாய் கேட்கிறார்கள்.
மாணவர், சேலம்

பதில்: வராது. கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெண்ணின் கல்லூரிப் படிப்புக்காக 24,500 ரூபாய்க்கு ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கினேன். ஒரு வருட வாரண்டி என்றார்கள். முழு சார்ஜில் 55 நிமிடம் என்று திரையில் வருகிறது, அதே நேரத்தில் அணைந்தும் போகிறது. கடையில் கேட்டால், "லினக்ஸ் போட்டதால் தப்பாகக் காட்டுது, விண்டோஸ் போட்டா சரியாயிடும்" என்கிறார்கள். யூபவர் காட்டியதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.
வாசகி, விழுப்புரம்

பதில்: அம்மா, நீங்கள் எழுதி அனுப்பிய இரண்டு வரியே போதும். எனர்ஜி-ஃபுல்-டிசைன் 57 வாட்-அவர், எனர்ஜி-ஃபுல் 11.4 வாட்-அவர். அதாவது புதிதாக இருந்தபோது 57 கொண்ட பேட்டரி இன்று முழுதாக ஏற்றினாலும் 11.4 தான் கொள்கிறது. ஐந்தில் ஒரு பங்கு. 12 வாட் இழுத்தால் 57 நிமிடம். லினக்ஸ் உங்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, அது கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கத்திக்கொள்கிறேன். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசைக் கணக்குப் போட்டு வாங்கிய சனங்கள் நாம். லேப்டாப் கடையில் மட்டும் மேல் மூடியின் பளபளப்பைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டுகிறோம். ராம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், பேட்டரி என்று வந்ததும் 'பேக்கப் குட்' என்று முடித்துக்கொள்கிறார்கள். வாரண்டி அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'பேட்டரி, அடாப்டர் நீங்கலாக' என்று இருக்கும். பழைய லேப்டாப்பில் முதலில் சாகப்போவது எதுவோ அதற்கு மட்டும் வாரண்டி கிடையாது! பேட்டரியின் நிலையைச் சொல்வது கஷ்டமான வேலையும் இல்லை. விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளை ஒன்றை அடித்தால் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இரண்டும் அறிக்கையாகவே வந்துவிடும். லினக்ஸில் எப்படி என்று மேலே சொல்லிவிட்டேன். ஒரு நிமிட வேலை. அந்த இரண்டு எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொன்னால், நான் கேட்ட கடைகளில் எல்லாம் திடீரென்று பிரிண்டர் வேலை செய்வதில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. யூபவர் காட்டும் திரையைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்றால் அவர்கள் செலவில் போடட்டும், அந்த அறிக்கையும் 11-ஐ ஒட்டித்தான் சொல்லும். அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்டு, கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள், மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ. வாயால் பேசிய எதுவும் நாளைக்கு நிற்காது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். 'பேட்டரி நீங்கலாக' என்ற எறும்பு எழுத்தை நீட்டுவார்கள். வாங்கும்போது அதை உங்களுக்குச் சொன்னார்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 1,499 ரூபாய்க்கு '8800 எம்ஏஎச் ஹை கெப்பாசிட்டி' பேட்டரி வாங்கினேன். பழைய 4400 பேட்டரி இருந்த இடத்தில் அச்சாகப் பொருந்துகிறது. லினக்ஸில் 9 மணி நேரம் என்று காட்டுகிறது, இரண்டு மணி நேரம்கூட வருவதில்லை. வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பில் இல்லை. என்ன செய்யலாம்?
வாசகர், திருச்சி

பதில்: அதே அளவு, அதே ஆறு செல், இரண்டு மடங்கு கொள்ளளவு, பாதி விலை. இதில் எதுவுமே உங்களுக்கு உறுத்தவில்லையா? ஆறு செல் பேட்டரியில் மும்மூன்றாக இரண்டு வரிசை இருக்கும். நல்ல செல் என்று பரவலாகக் கிடைப்பது 3500 எம்ஏஎச் அளவு. இரண்டு வரிசைக்கும் சேர்த்து 7000. அந்தச் செல்லைப் போட்டு யாரும் 1,499-க்கு விற்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் சிப்பில் 8800 என்று எழுதி வைத்திருக்கிறார்கள், லினக்ஸ் அதை நம்பி வகுத்திருக்கிறது. எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, பில்லையும் தொலைத்துவிட்டு எனக்கு எழுதுகிறீர்கள். ஆர்டர் பக்கத்திலிருந்து பில்லைத் திரும்ப இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்த முறை எம்ஏஎச் எண்ணைப் பார்க்காதீர்கள், வாட்-அவரைப் பாருங்கள்.

கேள்வி: மீதி நேரம் 3 மணி, 40 நிமிடம், 2 மணி என்று தாறுமாறாகக் குதிக்கிறது. டச்பேடும் கொஞ்ச நாளாக ஒருபக்கம் தூக்கிக்கொண்டு, கிளிக் ஆகமாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு. பேட்டரி வீங்கியிருக்கிறது. லேப்டாப்பை இப்போதே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள். நேரக் கணக்கை அப்புறம் பேசுவோம்.

கேள்வி: திங்க்பேட் டி480 லேப்டாப். இரண்டு பேட்டரி இருக்கிறது. பேனலில் வைத்திருக்கும் குட்டி நிரல் ஒன்றுக்கு மட்டும் நேரம் காட்டுகிறது, அடுத்தது 'அன்நோன்' என்கிறது.
வாசகர், புதுச்சேரி

பதில்: ஒன்று இறங்கும்போது மற்றது சும்மா இருக்கும், அதனால்தான் அந்த அன்நோன். பேட்டரி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கப் போய்விடாதீர்கள். யூபவர் பட்டியலின் கடைசியில் டிஸ்ப்ளே-டிவைஸ் என்று ஒன்று வரும். இரண்டையும் சேர்த்த கணக்கு அதில் இருக்கிறது.

கேள்வி: காசு கொடுத்து வாங்கும் சிஸ்டமாக இருந்தால் இந்தத் தொல்லை இருக்காதுதானே?
வாசகர், சென்னை

பதில்: ஆப்பிள் 2016 டிசம்பரில் மேக்ஓஎஸ் 10.12.2-இல் மெனுவிலிருந்து மீதி நேரத்தையே எடுத்துவிட்டது. சரியாகக் காட்டவில்லை என்று புகார் கிளம்பியதும் அவர்கள் கண்ட வழி அது. அந்த லேப்டாப்பின் விலை உங்களுக்கே தெரியும்.

கேள்வி: பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி, பாஸ் லினக்ஸ். பேட்டரி 0% என்றே இருக்கிறது, நேரமும் இல்லை. சார்ஜரில் நன்றாக ஓடுகிறது. தம்பிக்குப் பயன்படுமா?
வாசகி, திருவண்ணாமலை

பதில்: தாராளமாக. பேட்டரி செத்துவிட்டது, லேப்டாப் சாகவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரிலேயே ஓட்டுங்கள். கரண்ட் போனால் எழுதியது போய்விடும், அதனால் அடிக்கடி சேவ் செய்யச் சொல்லுங்கள். இவ்வளவு பழைய மாடலுக்குப் புது பேட்டரி என்று யாராவது விற்றால், என் இழுப்பறையில் கிடப்பதன் உடன்பிறப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.