வாசகர் கேள்விகள்: மணலில் ஊன்றும் ட்ரெக்கிங் ஸ்டிக்

கேள்வி: தினமும் தனுஷ்கோடி மணலில் ட்ரெக்கிங் ஸ்டிக் ஊன்றி நடக்கிறேன். ‘கார்பைடு முனை, தேயவே தேயாது’ என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு வருடத்துக்குள் ஒரு முனையையே காணோம். ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், ராமேஸ்வரம்)

பதில்: தடியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு குழி இருந்தால், முனை தேயவில்லை, கழன்று விழுந்திருக்கிறது. கடைக்காரர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில், முனை செய்யும் டங்ஸ்டன் கார்பைடு ஏறக்குறைய 9. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. அதனால் மணல் கார்பைடை லேசில் தேய்க்காது. எஃகு முனையைத்தான் தேய்க்கும். ஆனால் அந்தக் கார்பைடைப் பிடித்திருப்பது வெறும் பிளாஸ்டிக். ஒவ்வொரு ஊன்றலிலும் மணல் அந்தப் பிளாஸ்டிக் விளிம்பைத்தான் அரிக்கிறது. விளிம்பு தேயத் தேயக் கார்பைடு வெளியே நீண்டு, பிடிமானம் குறையும். பிறகு பவளப்பாறைக் கல் இடுக்கில் ஒரு முறை மாட்டி நெம்பினால் போதும், கழன்றுவிடும். இல்லையென்றால் ஓரம் சில்லாகத் தெறிக்கும். கடினமான பொருள்தான், ஆனால் வளையாது, உடையும். ஆகவே கூர்முனையை மட்டும் பார்க்காமல், அதைச் சுற்றிய பிளாஸ்டிக்கை மாதம் ஒரு முறை பாருங்கள்.

போலியா என்று காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கார்பைடில் பிணைப்பாகச் சேர்க்கும் கோபால்ட்டும் காந்தத்தில் ஒட்டும். சாதாரண இரும்பு அரத்தால் ஓரத்தில் ஒரு இழு இழுங்கள். வழுக்கினால் கார்பைடு, கீறல் விழுந்தால் எஃகு.

மணலில் தடி புதைகிறது என்றால் அது முனையின் குற்றமல்ல. முனைக்குச் சற்று மேலே, தடி புதையாமல் மாட்டும் பிளாஸ்டிக் தட்டுக்கு வட்டு என்று பெயர். பனிக்கு மாட்டும் அகலமான வட்டை வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: முனையை வீட்டிலேயே மாற்ற முடியுமா? (வாசகி, கீழக்கரை)

பதில்: முடியும். வட்டைக் கழற்றிவிட்டு, முனைப் பகுதியை மட்டும் கொதிக்கும் நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வையுங்கள். பிளாஸ்டிக் இளகியதும் பிளையரால் பிடித்துத் திருகி இழுங்கள். வரவில்லையென்றால் மறுபடி நீரில் வையுங்கள். தண்டைப் பட்டறைப் பிடியில் கொடுத்து நெரிக்கக் கூடாது. கார்பன் தண்டு என்றால் விரிசல் விழும். புதியதைச் செருகி, மரப்பலகையில் நான்கைந்து முறை ஓங்கிக் குத்துங்கள். தண்டு நுனி சரிவாகக் குறுகுவதால் தானாகவே இறுகும். பசை வேண்டாம், அடுத்த முறை கழற்ற முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி உள்விட்டம் மாறும், கடைக்குப் போகும்போது தண்டையே எடுத்துப் போங்கள்.

கேள்வி: அரிச்சல்முனை தார் ரோட்டிலும், சதுரகிரி ஏறும்போதும் ரப்பர் புஷ் மாட்டலாமா? (வாசகர், மண்டபம்)

பதில்: ரோட்டில் மாட்டுங்கள், மலையில் கழற்றுங்கள். பாசி பிடித்த ஈரப் பாறையில் ரப்பர் வழுக்கும். கோயில் கல்தளத்தில் மட்டும் ரப்பர் கட்டாயம், கார்பைடு கல்லைக் கீறிவிடும். வாங்கும்போது புஷ்ஷுக்குள் உலோக வாஷர் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். இல்லாததைக் கார்பைடு சீக்கிரம் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

கேள்வி: தடியின் அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகி, நீட்டவே முடியவில்லை. (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: நம் கடற்கரையில் இதனாலும் தடிகள் வீணாகின்றன. உப்பு ஈரம் அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அது குழாய்களுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். கடலோரம் போய் வந்த அன்றே அடுக்குகளை முழுக்கப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டுப் பிறகு சேருங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் அலசினால் அலசாததற்குச் சமம். குடிதண்ணீர் ஒரு செம்பு போதும். எண்ணெய் விடாதீர்கள், பூட்டு பிடிக்காமல் எடை வைத்ததும் தடி இறங்கிவிடும். இப்போது இறுகியிருப்பதை நல்ல தண்ணீரில் ஒரு இரவு ஊறப்போட்டு, இருவர் இரு பக்கமும் பிடித்துத் திருகி இழுத்துப் பாருங்கள்.