ஐஸ்பெட்டி தூக்கியவனிடம் கேளுங்கள்

பேஸ் கிட்டார் பற்றி வரும் கடிதங்களைப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைக்கிறேன். இந்த மாதம் டின்னைக் கவிழ்த்தபோது பெரும்பாலானவை ஒலிபெருக்கிப் பெட்டியைப் பற்றியே இருந்தன. ஸ்கேல் பயிற்சி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*செந்தூல் வாசகர், கோலாலம்பூர்: ஐயா, நான் மின்தூக்கி இல்லாத நான்காம் மாடியில் குடியிருக்கிறேன். திருமண விருந்துகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் வாசிக்கிறேன். வண்டி மைவி, சின்னக் கார். பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட பழைய நாலு-பத்துப் பெட்டி ஒன்று மலிவாக வருகிறது, எடை 40 கிலோ. அதே பணத்துக்கு ஒற்றைப் பன்னிரண்டு அங்குலப் பெட்டி புதிதாகவே கிடைக்கிறது, 13 கிலோ. சின்னப் பெட்டியில் பேஸ் சவசவ என்று இருக்கும் என்கிறார் எங்கள் கீபோர்டுக்காரர். எதை வாங்கலாம்?*

பன்னிரண்டு அங்குலத்தை வாங்குங்கள். கீபோர்டுக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் இரவு ஒரு மணிக்கு உங்களோடு நான்கு மாடி ஏறப்போவது அவர் இல்லை.

அவர் சொல்வதில் உள்ள விஷயம் இதுதான். கேஎல்எச் என்று பழைய அமெரிக்க ஒலிபெருக்கி நிறுவனம் ஒன்று உண்டு. அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்கு உரியவர் ஹாஃப்மன். அவர் பெயரால் வழங்கும் விதி ஒன்று இருக்கிறது: பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், தாழ்ந்த சுரம் ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த வாட்டில் உரக்கக் கேட்க வேண்டும். மூன்றில் இரண்டைத்தான் கேட்டு வாங்க முடியும். மூன்றும் தருகிறேன் என்று விளம்பரம் சொன்னால் எதை மறைக்கிறார்கள் என்று தேடுங்கள். இன்றைய சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் விட்டுக்கொடுக்கின்றன. முன்பு 100 வாட்டில் கிடைத்த சத்தத்துக்கு இப்போது 300, 400 வாட் ஊற்ற வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. பெட்டிக்குச் சக்தி தரும் ஆம்பில் கிளாஸ்-டி என்ற லேசான வகை வந்த பிறகு வாட் மலிந்துவிட்டது; இரண்டு கிலோ ஆம்பில் 500 வாட் வருகிறது. மலியாதது முதுகெலும்பு ஒன்றுதான்.

அனுபவத்தில் சொல்கிறேன். 1990களில் கோலாலம்பூரில் கலைந்துபோன ஓட்டல் இசைக்குழு ஒன்றிடமிருந்து ஆம்பெக் நிறுவனத்தின் எட்டு-பத்துப் பெட்டி வாங்கினேன். உலகமெங்கும் அதை ஐஸ்பெட்டி என்றுதான் கேலியாக அழைக்கிறார்கள். நான்கு அடி உயரம், 63 கிலோ. சக்கரம் உண்டு, சாய்த்து இழுக்கப் பின்னால் ஒரு நீளக் கம்பியும் உண்டு. பினாங்கில் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் கடைக்குக் கடை ஒரு படி ஏறி இறங்குவதைச் சக்கரம் செய்தவர்கள் பார்த்ததில்லை. என் புரோட்டோன் சாகா காரில் அது நுழையவே நுழையாது. ஒவ்வொரு கச்சேரிக்கும் லோரி வாடகை கொடுத்தேன். பேஸ் வாசித்துச் சம்பாதித்ததில் பாதி லோரிக்காரருக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர், அது வேறு விஷயம்.

இவ்வளவு பாடுபட்டு அந்தப் பெட்டியில் நான் கேட்டது என்ன? எல்லாரும் நினைப்பதுபோல ஆழமான பேஸ் இல்லை. அது துளையே இல்லாத மூடிய பெட்டி. 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் இறங்கத் தொடங்கிவிடும் என்று ஆம்பெக்கின் விவரத்தாளே சொல்கிறது. பேஸ் கிட்டாரின் திறந்த ஈ கம்பியோ 41 ஹெர்ட்ஸ். அப்படியானால் அந்த ஈ எப்படி மலைபோலக் கேட்டது? அதன் மேல்சுரங்களான 82, 123 ஹெர்ட்ஸ் வலுவாக வந்தால், கீழே இல்லாத 41-ஐக் காது தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஐஸ்பெட்டியின் புகழ் அதன் நடுப்பகுதியில்தான் இருந்தது. அத்துடன் நான்கு அடி உயரம் என்பதால் மேல்வரிசை ஸ்பீக்கர்கள் கிட்டத்தட்ட என் நெஞ்சுக்கு நேரே நின்றன. என் விரல் செய்த ஒவ்வொரு தப்பும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஆகவே தம்பி, சின்னப் பெட்டியின் முதல் குறை மெலிவு அன்று, உயரம். தரையில் வைத்தால் அது உங்கள் முழங்காலுக்கு வாசிக்கும். நீங்கள் கேட்கவில்லை என்று பேஸ் குமிழைத் திருகுவீர்கள். முன்வரிசைத் தாத்தாவுக்கு நெஞ்சு அதிரும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் மேல் வையுங்கள், அல்லது பின்பக்கம் சாய்த்து முகம் மேலே பார்க்கும்படி வையுங்கள். தரையோடு சேர்ந்து கிடைத்த தாழ்சுரம் கொஞ்சம் குறையும். தெளிவு வரும்.

இன்னொன்று: கல்யாண மண்டபத்தில் ஒலி அமைப்பாளர் ஒருவர் இருப்பார். உங்கள் ஆம்பின் டி.ஐ. என்ற நேரடி வெளியீட்டிலிருந்து அவருடைய மிக்சருக்கு ஒரு கேபிள் போகும். மண்டபம் முழுக்கப் பேஸைக் கொண்டுபோவது அவர் வேலை. உங்கள் பெட்டி உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும்தான். அதற்கு ஒரு பன்னிரண்டு தாராளம்.

கோயில் திருவிழா மேடைதான் சோதனை. திறந்தவெளியில் சுவர் இல்லை. பேஸைத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. பக்கத்தில் உருமி மேளம் வேறு. அங்கே ஒற்றைப் பன்னிரண்டு திணறும். பணம் சேர்ந்ததும் அதே நிறுவனத்தின் அதே பெட்டியை இன்னொன்று வாங்கி மேலே அடுக்குங்கள். ஸ்பீக்கரின் கூம்புப் பரப்பு இரட்டிப்பதால் தாழ்ந்த சுரங்களில் சுமார் 3 டெசிபல் கூடும். ஆம்ப் கூடுதலாகத் தரும் வாட்டையும் சேர்த்தால் நாலரை வரை போகலாம். இரண்டையும் செங்குத்தாக அடுக்கினால் பக்கவாட்டில் நிற்பவருக்கும் சுரம் தெளிவாகப் போகும். நாலு-பத்தில் ஸ்பீக்கர்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருப்பதால் நேரெதிரே நிற்பவருக்குக் கிடைக்கும் பளிச்சென்ற ஒலி ஓரத்தில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. இதை வாங்குவதற்கு முன் கடையில் சோதித்துப் பாருங்கள்: நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று இடமும் வலமும் நடங்கள். பெட்டிக்கு முன் குந்தி உட்கார்ந்து கேட்டு வாங்கியவர்கள் எல்லாரும் பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

26 கிலோவும் இரண்டு நடையில் ஏறிவிடும். 40 கிலோவுக்கு இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் விருந்து முடிந்ததும் காணாமல் போய்விடுவார்.

*ஈப்போ வாசகர்: பதினைந்து அங்குலம் ஆழத்துக்கு, பத்து அங்குலம் துடிப்புக்கு என்று என் குரு சொன்னார். சரிதானா?*

குருவை எதிர்த்துப் பேசக் கூசுகிறது, ஆனாலும் இல்லை. மேலே சொன்ன ஐஸ்பெட்டியில் இருந்தவை எல்லாம் பத்து அங்குலமே. பரப்பைக் கணக்குப் போட்டால் ஒரு பதினைந்தும் இரண்டு பத்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பதினைந்தின் வர்க்கம் 225, பத்தின் வர்க்கம் இருமுறை 200. பெட்டியின் கொள்ளளவு, அதில் துளை உண்டா, துளையின் நீளம் என்ன, ஸ்பீக்கர் எப்படிப்பட்டது என்பவையே ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. ஃபெண்டரின் பாஸ்மன் ஆம்ப் 1952இல் ஒற்றைப் பதினைந்தோடு வந்தது. சில ஆண்டுகளில் நாலு பத்துக்கு மாறியது. ஆம்பெக் 1960இல் கொண்டுவந்த பி-15 மறுபடியும் ஒற்றைப் பதினைந்து. மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது அதில். யாரும் அவரிடம் துடிப்பு குறைவு என்று சொல்லவில்லை.

துளை என்றதும் என் முதல் பெட்டி நினைவுக்கு வருகிறது. 1978. ஜெலுத்தோங்கில் அலமாரி செய்யும் தச்சர் ஒருவர் ஒரு பதினைந்து அங்குல ஸ்பீக்கருக்கு ஒட்டுப்பலகையில் பெட்டி அடித்துக் கொடுத்தார். பத்திரிகைப் படம் ஒன்றில் துளை பார்த்தேன். நாமும் வைப்போம் என்று குத்துமதிப்பாக வெட்டச் சொன்னேன். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961லேயே அந்தத் துளைக்குக் கணக்கு எழுதிவிட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஏ சுரம் வந்தால் பந்தல் கால் நடுங்கும், அடுத்த பி-யில் ஒன்றுமே இருக்காது. பினாங்குப் பாலம் திறந்தது 1985இல். அதுவரை அதைப் பட்டர்வொர்த் ஃபெரியில் ஏற்றி இறக்கினோம். மழைக்கும் கடற்காற்றுக்கும் நல்ல ஒட்டுப்பலகை தாங்கியது. பழைய பெட்டி வாங்கும்போது மூலையைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே மரத்தூள் பலகை என்றால் நம் ஊர் ஈரத்தில் ஊதிப் பிளக்கும்.

*பாயான் லெப்பாஸ் வாசகி, பினாங்கு: என் மகளுக்குப் பதினேழு வயது. ஜார்ஜ் டவுனில் குழுவோடு பயிற்சி; பஸ்ஸில் போய் வருகிறாள். கடைக்காரர் 30 கிலோ பெட்டி ஒன்றைக் காட்டி, 'வாங்கினால் ஒரே முறை' என்கிறார்.*

அம்மா, ஒரே முறைதான் அதைத் தூக்குவாள். பயிற்சி அறையில் பெட்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்; பெரும்பாலும் இருக்கும். இருந்தால் கிட்டாரோடு ஸ்பீக்கர் இல்லாத ஒரு சின்ன ஆம்ப் தலையை மட்டும் பையில் போட்டு அனுப்பலாம். டிரேஸ் எலியட்டின் எல்ஃப் என்ற ஆம்ப் 200 வாட் தருகிறது, எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. என் மதியச் சாப்பாட்டு டப்பா அதைவிடக் கனம். வீட்டுக்கு, ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் ஃபெண்டர் ரம்பிள் 100 போன்ற ஒரு கோம்போ போதும்: பன்னிரண்டு அங்குலம், சுமார் 10 கிலோ. டிரம்ஸோடு பெரிய மேடைக்கு அது பற்றாது, ஆனால் பெரிய மேடைகளில் பெட்டி அவர்களே வைத்திருப்பார்கள். ஹெட்போன் துளை இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அக்கம்பக்கத்தார் பேஸை மன்னிப்பதில்லை. சுவர் வழியாகப் போவது அது ஒன்றுதான்.

*கிள்ளான் வாசகர்: என் ஆம்பில் 'குறைந்தது 4 ஓம்' என்று இருக்கிறது. 8 ஓம் பெட்டிகள் மூன்று சேர்க்கலாமா?*

கூடாது. ஓம் என்பது மின்தடையின் அளவு; பெட்டிகளைச் சேர்க்கச் சேர்க்க அது குறையும். இரண்டு சேர்ந்தால் 4 ஓம், அதோடு நிறுத்துங்கள். மூன்று சேர்ந்தால் 2.67; ஆம்ப் சூடாகித் தன்னைத்தானே அணைத்துக்கொண்டால் உங்கள் அதிர்ஷ்டம். கிட்டாரை ஆம்பில் செருகும் கேபிளால் பெட்டியை இணைக்க வேண்டாம், அது மெல்லியது, உருகும். ஸ்பீக்கருக்கென்று உள்ள தடித்த கேபிள் வேண்டும். ஒரு பெட்டி மட்டும் இருந்தால் ஆம்பின் முழு வாட் வராதே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். ரம்பிள் 500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 4 ஓமில் 500 வாட், 8 ஓமில் 350. இடையே உள்ளது ஒன்றரை டெசிபல். கண்ணை மூடிக்கொண்டால் பலருக்குத் தெரியாது.

*பெயர் வேண்டாம் என்ற வாசகர்: நியோடிமியம் காந்தம் போட்ட லேசான ஸ்பீக்கரில் பழைய ஃபெரைட்டின் கனம் வராது என்கிறார்களே?*

காந்தத்தின் கனம் உங்கள் கைக்குத்தான் தெரியும், சுரத்துக்குத் தெரியாது. 1980களில் வந்த இந்தக் காந்தம் அதே வலிமையைக் கொஞ்ச எடையில் தருகிறது. வேறுபாடு கேட்டால் அது கூம்பின், பெட்டியின் வேறுபாடு.

*புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: எங்கள் மண்டபத்தில் ஒரே ஒரு சுரம் மட்டும் கும்மென்று எழுகிறது. பெட்டியை மாற்ற வேண்டுமா?*

பெட்டியை மூலையிலிருந்து நகர்த்துங்கள். தரை, இரண்டு சுவர் மூன்றும் சேர்ந்த இடத்தில் தாழ்சுரம் குவியும். ஒரு மீட்டர் முன்னே இழுத்துப் பாருங்கள். அப்போதும் எழுந்தால் அது மண்டபத்தின் சுபாவம். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல், சுவருக்குச் சுவர் மோதித் தங்கிவிடும். ஆம்பின் சமனியில் (ஈக்வலைசர்) அந்தச் சுரத்தின் இடத்தை மட்டும் குறையுங்கள். புதுப் பெட்டிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் ஒலி அமைப்பாளருக்கு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

*பிறை வாசகர்: உங்கள் ஐஸ்பெட்டி இப்போது எங்கே?*

2016இல் இடுப்பெலும்பு நழுவிப் பதினோரு நாள் படுத்துக் கிடந்தேன். எழுந்ததும் விற்றேன். பட்டர்வொர்த் பக்கம் ஒரு தேவாலயம் வாங்கிக்கொண்டது. சுவரோரம் நிற்கிறது, அதை யாரும் தூக்குவதில்லை, அதனால் அதன் மேல் யாருக்கும் கோபமும் இல்லை. இப்போது என்னிடம் இருப்பவை இரண்டு பன்னிரண்டுகள், கைக்கு ஒன்று. போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டு வாசிக்க அழைத்தார்கள், வெறும் கிட்டாரோடு போனேன். ஈ கம்பியைத் தட்டியதும் பழைய நெஞ்சு வந்து நின்றது. முடிந்து கேபிளைக் கழற்றப் பின்னால் போனால், நான் பத்து வருடத்துக்கு மேல் பிடித்து இழுத்த அந்த நீளக் கம்பியில் யாரோ ஈரத்துண்டு காயப்போட்டிருந்தார்கள்.